நான் பிடிக்காத சிகரெட்

அநியாயம் நடந்தது எனக்கு. நடத்தியவர் என்னைப் பெற்ற அப்பா. தான் பிடித்த சிகரெட்டை என் தலையில் கட்டினார். அதுவும் ஒரு பொய்கூடச் சொல்லாமல். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் மறுத்து வாதாடியிருப்பேன். பெருமூச்சை எப்படி மறுப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போன அம்மா, கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு திரும்பினாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. எது கிடைத்தாலும் டப்பாவில் போட்டு, மூடி, தேதி எழுதி ஒட்டினால்தான் அவளுக்கு நிம்மதி. உள்ளே பாதி எரிந்த சிகரெட் துண்டு.

"பூந்தொட்டிக்குள்ள இருந்துச்சு. யாரோடது?"

வீட்டில் மூன்றே பேர். கேட்பவளைக் கழித்தால் மிச்சம் இரண்டு. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அப்படியே கண்ணை மூடி, நெஞ்சைத் தடவி, வீட்டுத் திரைச்சீலையெல்லாம் ஆடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"கோபப்படாதே. வயசுப் பிள்ளை. நாமதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

"அம்மா! அது அப்பாவோடது!"

"அவர்தான் நாலு வருஷத்துக்கு முன்னாடியே விட்டுட்டாரே. உன் தலைமேல கை வச்சு சத்தியம் பண்ணினாரே."

"பண்ணிட்டுப் பிடிக்கிறாரும்மா!"

"பிடிச்சிருந்தா உன் தலைக்கு ஏதாவது ஆகியிருக்கணும். நல்லாத்தானே இருக்கு?"

நான் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிப்பவள். வாதத்தில் பேராசிரியர்களையே வாயடைக்க வைத்தவள். என் தலை நன்றாக இருப்பதே எனக்கு எதிரான சாட்சி ஆகும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

அப்பாவின் பயமும் எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் புகை ஆகாது. காலையில் எழுந்தால் பத்து நிமிஷம் இருமல். அன்று அவர் சத்தியம் செய்தபோது அவளும் ஒன்று சொல்லி வைத்தாள்: "இன்னொரு தடவை பிடிச்சா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்." சொன்னால் செய்கிறவள். பெரியம்மா அறையைக்கூடப் பெருக்கி வைத்துவிட்டாள்.

அதற்கு நான் என்ன செய்வேன்? மூன்று வாரத்தில் எங்கள் துறையின் மலை முகாம். பத்து நாள் கூடாரம் போட்டுப் பாறைகளைப் பார்த்து எழுத வேண்டும். போகாவிட்டால் பட்டம் கிடையாது.

"சிகரெட்டை விட்டாத்தான் முகாம்," என்றாள் அம்மா.

"பிடிக்காததை எப்படிம்மா விடறது?"

"பாத்தீங்களா, இன்னும் விடலைங்கறா. ஏங்க, இனிமே இவளுக்குக் காவல் நீங்கதான். ஒரு நிமிஷம் தனியா விடக் கூடாது."

அப்பா பெருந்தன்மையோடு தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினோம் என்பது அவருக்கு மறுநாள் காலை எட்டேகாலுக்குத்தான் உறைத்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் அவர் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிற நேரம் அது. பக்கத்தில் நான்.

"நீ முன்னாடி போய் நில்லேன். பஸ் வந்தா சொல்லு."

"ஒரு நிமிஷம் தனியா விடக் கூடாதுன்னு உத்தரவுப்பா."

அப்பாவுக்கு வேலை எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில். எனக்கோ வகுப்புகள் முடிந்து, தேர்வுக்குப் படிக்கிற நாட்கள். அவர் மேஜைக்கு நேர் எதிரே எனக்கு இடம் போட்டாயிற்று. புகையைக் கண்டால் அந்தக் கட்டடமே மணியடித்து ஊரைக் கூட்டும். வெளியே போகலாம் என்றால் நானும் எழுந்துவிடுவேன். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் லேபிலிருந்து போன் வரும்.

"பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"அவகிட்ட குடுங்க... அப்பா பக்கத்துல இருக்காராடி?"

"இருக்காரும்மா."

ஒரே கேள்வியை ஏன் இரண்டு பேரிடமும் கேட்கிறாள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆத்திரம் யோசிக்க விடவில்லை.

சாயங்காலமானால் பாடம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கையேடு கொண்டு வந்திருந்தாள் அம்மா. நுரையீரல் படங்களோடு. தினம் ஒரு பக்கம் அப்பா எனக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

"புகையினால் ரத்தக்குழாய்கள்..." அப்பா தொண்டையைச் செருமினார்.

"கேக்கலைப்பா. மறுபடி படிங்க."

"கேட்டுச்சு உனக்கு!"

"திருந்தணும்னு ஆசைப்படறவ கேக்கறேன். படிங்க."

எட்டாம் நாள் பக்கம், புகைப்பவரோடு கூட வாழ்கிறவர்களைப் பற்றியது. அவர் ஊதுவதை அவர்களும் சேர்த்து உள்ளே இழுக்கிறார்கள் என்று போட்டிருந்தது. அப்பா பாதியில் நிறுத்தினார். சமையலறையில் அம்மா இருமிக்கொண்டே எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். மிச்சத்தை அவர் மனதுக்குள்ளேயே படித்தார். அன்று மட்டும் நான் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

மறுநாளே பழையபடி ஆகிவிட்டார். நகத்தைக் கடித்தார். பென்சிலைக் கடித்தார். தபால்பெட்டி வரை போய் வருகிறேன் என்றார். "அவளையும் கூட்டிட்டுப் போங்க," என்றாள் அம்மா. பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சே நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"வாக்குமூலம் எழுதிக் குடுங்க. அஞ்சு மணி நேரம் திரும்பி நிக்கறேன்."

"உங்க அம்மா போயிடுவாடி."

"என் பட்டம் போயிடும்ப்பா."

இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்தோம். பிறகு வீட்டுக்கு வந்தோம். தபாலைப் போடவே இல்லை.

இருபத்தோராம் நாள் சாயங்காலம். மறுநாள் காலை முகாம் பேருந்து. என் பை கட்டியபடியே கிடந்தது. அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "முகாமெல்லாம் வேண்டாம். இவ திருந்தின மாதிரி தெரியலை. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் முதல் தடவையாக வாதம் எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்பா அதைப் பார்த்தார். எழுந்து நின்றார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அது இவளோடது இல்லை. என்னோடது. நாலு வருஷமா என்னோடதுதான். நீ... உங்க அக்கா வீட்டுக்குப் போறதா இருந்தா பையை நான் தூக்கிட்டு வரேன்."

அம்மா தலையணை உறையை நாலாக மடித்தாள்.

"தெரியும்."

"தெரியுமா?" கத்தியது நான்தான். "அப்ப என்னை எதுக்கும்மா குற்றவாளி ஆக்கினே? அவரையே நேரா கேட்டிருக்கலாமே! எந்த நியாயம் இது?"

"நேரா கேட்டேன், இருபத்தாறு வருஷம். ஒண்ணு குறைஞ்சுதா? உன்னை விடச் சொன்னேன், இருபத்தொரு நாளா அவர் தொடலை. உன் ஷூவைத் துடைச்சு வச்சிருக்கேன். பஸ் ஆறரைக்கு. போய்த் தூங்கு."

என்னிடம் பதினேழு ஆட்சேபங்கள் இருந்தன. ஒன்றுகூடத் தேறாது என்று தெரிந்து உட்கார்ந்துவிட்டேன். அப்பாதான் மெல்ல நிமிர்ந்தார். பத்து நாள் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்பது அவர் முகத்தில் மெதுவாக விடிந்துகொண்டிருந்தது.

"அப்ப இவ போயிட்டா," என்றார், குரலில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொண்டு, "நான் யாருக்குக் காவல் இருக்கறது?"

அம்மா மடித்த துணியை அவர் கையில் அடுக்கினாள்.

"எனக்குத்தான். நேத்துலேர்ந்து நான் பிடிக்க ஆரம்பிச்சிருக்கேன்."