கம்பி நுனியில் குடியிருந்த பேய்

ஹார்ட் டிஸ்க்குக்கும் பேய் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? அப்படியானால் டிஸ்க் மகானின் கூடத்துக்கு நீங்கள் போனதில்லை. முப்பது வருடப் பழைய கம்ப்யூட்டரையும், தடித்த கம்பியில் தொங்கும் டிஸ்க் பெட்டியையும் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் படித்தவர்கள். பொறியாளர்கள், பேராசிரியர்கள், ஒரு நீதிபதிகூட உண்டு. மூளையை மட்டும் வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

பேய் பிடித்த டிஸ்க் திரையில் தெரியாது. வைத்தியம் எளிது. மகான் கம்ப்யூட்டரை அணைப்பார். பின்பக்கம் கறுப்புத் துணி போர்த்தி, கைகளை உள்ளே விட்டு மந்திரம் முணுமுணுப்பார். மறுபடி போட்டால் திரையில் டிஸ்க் தெரியும்! உடனே அணைத்து, துணியையும் 'பேயையும்' சேர்த்து எடுத்துவிடுவார். விசைப்பலகையைத் தொட்டால் பேய் விரலில் ஏறிவிடுமாம். வீட்டுக்குப் போனால் டிஸ்க் மறுபடி காணாமல் போகும். போகாவிட்டால் மகான் எப்படிப் பிழைப்பது?

நில அளவையாளரின் விதவை வந்தது மூன்றாவது தடவை. கணவர் வரைந்த எல்லை வரைபடம் டிஸ்க்குக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கோர்ட்டில் அதைக் காட்டாவிட்டால் பாதி வீடு பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போய்விடும். துணைக்கு நாத்தனார் வந்திருந்தாள். அவளுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை.

"அண்ணி, வீடு ஒழிச்சப்போ இதுக்குப் பின்னாடியிருந்து எதையாவது தூக்கிப் போட்டீங்களா?"

"எதோடயும் சேராம நுனியில ஒரு குட்டிக் கட்டை இருந்துச்சு. எதுக்கு இதுன்னு குப்பையில போட்டுட்டேன்."

நாத்தனார் நேரே போய் மகானின் கையிலிருந்த கறுப்புத் துணியை உருவினாள். கட்டைவிரல் அளவில் ஏதோ ஒன்று கீழே விழுந்து உருண்டது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள்.

"சாமி, இப்ப கையை விரிச்சுக் காட்டிட்டு மந்திரம் சொல்லுங்க."

"துணி இல்லாட்டி பேய்க்குக் கூச்சம்மா!"

"பேய்க்கா, உங்களுக்கா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மகான் தொண்டை வறளக் கத்தினார். டிஸ்க் வரவில்லை. நாத்தனார் கம்ப்யூட்டரை அணைத்தாள். கீழே கிடந்ததை எடுத்து டிஸ்க் பெட்டியின் காலித் துளையில் செருகினாள். மறுபடி போட்டுவிட்டு, "ஓராறு ஆறு, ஈராறு பன்னிரண்டு" என்று ஆரம்பித்தாள். மூவாறு பதினெட்டில் டிஸ்க் வந்துவிட்டது.

"இதுக்குப் பேர் டெர்மினேட்டர். அண்ணி குப்பையில போட்டதும் இதைத்தான். கம்பியில போற சிக்னல் கடைசியில முட்டித் திரும்பி வந்து எல்லாத்தையும் குழப்பும். இது இருந்தா அங்கேயே அடங்கிடும். இவ்வளவுதான் உங்க பேய்!"

அண்ணி விசைப்பலகையில் தைரியமாகக் கை வைத்தாள். வரைபடம் திறந்தது. அழுதுகொண்டே ஃபிளாப்பியில் பிரதி எடுத்தாள். அதற்குள் மகான் பின்வாசல் வழியாக நழுவிவிட்டார்.

பேராசிரியர் ஒருவர் பயபக்தியோடு நாத்தனாரிடம் வந்தார்.

"அம்மா, ஆறாம் வாய்ப்பாட்டை எந்தத் திசை பார்த்துச் சொல்லணும்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மகான் ஓடினால் அடுத்த மகானுக்கு நாற்காலி போட நம் ஆட்கள் எப்போதும் தயார். ஐயாமாரே, தொலைந்த டிஸ்க்கைத் தேடியது போதும். கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதையும் ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்.