கால் வழியே ஒழுகும் அறிவு

பெருமாநல்லூர்க் கல்யாண மண்டபத்து வாசலில் செருப்புகளுக்கே இடம் போதவில்லை. உள்ளே பாதஞானச் சித்தர் எழுந்தருளியிருந்தார். ஓடியாடும் பிள்ளைகளின் அறிவு உள்ளங்கால் வழியே ஒழுகிவிடுகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இத்தனை காலம் ஒரு டாக்டருக்கும் இது தெரியவில்லை, பாவம்.

சித்தர் ஈரத்துணியால் பிள்ளையின் பாதத்தைத் துடைப்பார். மந்திரம் முணுமுணுப்பார். மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தில் பாதத்தை வைப்பார். தண்ணீர் ரத்தமாய்ச் சிவக்கும்! உடனே காலில் ஒரு செப்புக் காப்பு. அதன்பின் பிள்ளை ஓடவும் கூடாது, குதிக்கவும் கூடாது.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் அடிக்கும் சித்ரகலாவும் ஆடி மாதம் மகள் ஜனனிக்குக் காப்பு மாட்டியவள்தான். ஆறாம் வகுப்பு படிக்கும் ஜனனியை ஓட்டத்தில் பிடிக்க ஆளில்லை. காப்பு ஏறிய பிறகு அவள் வகுப்பில் தூங்கி வழிந்தாள். நாலு வரி எழுதுவதற்குள் கை ஓய்ந்தது. கணக்கில் எழுபது வாங்கியவள் முப்பதுக்கு இறங்கினாள்.

விளையாட்டு டீச்சர் விஜயகுமாரி தாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க, ஓடுனப்ப எழுவது, உக்கார வெச்சப்புறம் முப்பது. அறிவு எப்பங்க ஒழுகுச்சு?"

"தண்ணி செவந்துச்சுங்களே டீச்சர்?"

"காலைத் தொடச்சது யாருங்க?"

சித்ரகலாவுக்குச் சுருக்கென்றது. அந்தத் துணியை அவள் கவனிக்கவே இல்லை.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை, தங்கையின் நாலு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். சித்தர் ஞானத்தில் கண்ணை மூடியபடியே ஒரு காலைத் துடைத்தார். தண்ணீர் சிவந்தது.

"ரொம்ப ஓடறான் அம்மிணி!"

"இன்னும் குப்புறக்கூட விழுகலீங்க சாமி. எங்கீங்க ஓடுனான்?"

கூட்டம் சிரித்தது. சித்தர் கண் திறந்தார். "அது... போன ஜென்மத்து ஓட்டம்!"

சித்ரகலா விடவில்லை. கொண்டுவந்த பனியன் துணியைக் குடிதண்ணீரில் நனைத்து, மற்றக் காலைத் தானே துடைத்து, பக்கத்தில் இருந்த வேறொரு மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"ஒரு காலு ஓடுச்சு, ஒரு காலு ஊட்டுல உக்காந்து படிச்சுதுங்களா?"

சொல்லிக்கொண்டே சித்தரின் துணியைப் பிடுங்கி அதே கிண்ணத்தில் பிழிந்தாள். குபீரென்று சிவந்தது. வரிசையில் நின்ற மாரக்காள் வெற்றிலை போடுகிறவள். துணியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "அட, சுண்ணாம்புத் தண்ணீங்கோ! மஞ்சத் தண்ணீல பட்டாச் செவக்காம என்னங்க?"

சித்தர் பின்வாசல் வழியே பாய்ந்தார். அந்த வேகத்தில் அவருக்கு எவ்வளவு அறிவு ஒழுகியதோ!

மறுநாள் மைதானத்தில், காப்பைக் கழற்றிய ஜனனி பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். பார்த்த தாய்க்குக் கண் கலங்கியது. "மெதுவா ஓடு கண்ணு, நாளைக்கு முழுசா ஓடலாம்" என்றாள்.

இருநூறு ரூபாய் டீசர்ட்டை நாலு தரம் இழுத்துப் பார்த்து வாங்கும் ஊரே! சாமியார் சொல்வதை ஒரு தரமாவது இழுத்துப் பார்த்தால் என்ன?