லேப்டாப் விஷயமாக மட்டும்

என் தம்பியின் மூத்த மகனுக்கு, அவனுடைய அத்தை எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பேத்தியும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் சுகமா என்று கேட்பது கடிதம் எழுதும் முறை என்பதால் கேட்கிறேன், பதில் எழுத வேண்டியதில்லை. பதினொரு வருடமாக எட்டிப் பார்க்காதவள் இப்போது கடிதம் எழுதுகிறாளே, கோபம் தணிந்துவிட்டதோ என்று நினைத்துவிடாதே. கோபமும் சுகமாகவே இருக்கிறது.

உன் கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்கும்போது, மேடையில் நின்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்து மட்டும், "அத்தை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாய். தள்ளி நின்றேன். படம் வந்தது. அதில் என் காது ஒன்றும், தோள் ஒன்றும், கைப்பையும் இருக்கின்றன. மற்ற நான் இல்லை. அதை நாற்பது வீட்டுக்கு வேறு கொடுத்தாய். இனி இவனோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று உன் அப்பாவின் எதிரிலேயே சொன்னேன், இன்று வரை பேசவில்லை, இதுவும் பேச்சு இல்லை. எழுதுவது பேசுவதில் சேருமா என்று மேல் வீட்டுக் கம்பியாரிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். டெலிபோன் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்தவர், அதனால் அந்தப் பெயர். எது பேச்சு, எது பேச்சில்லை என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியப்போகிறது. "சேராதுக்கா, தாராளமா எழுதுங்க" என்றார். இதை உன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்து கொடுக்கப்போவதும் அவர்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

பேத்தியின் லேப்டாப் இருட்டிவிட்டது. நாளை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதில் அவளுக்கு இன்டர்வியூ. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற படிப்பு படித்துவிட்டு, இங்கே ஒரு என்ஜினீயரின் ஆபீசில் மூன்று வருடமாக, மற்றவர்கள் வரைந்ததை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார்களாம், இவள் இங்கிருந்து திரையில் ஒரு மணி நேரம் வரைந்து காட்ட வேண்டுமாம். போனில் பேசி முடித்துவிட்டால் ஆகாதா என்றேன். "போன்ல எப்படி பாட்டி வீடு வரையறது" என்றாள். வரைகிற சாமான் எல்லாம் இந்த ஒரு மெஷினுக்குள்தான் இருக்கிறது. ஆபீஸ் மெஷினைத் தொட்டால் என்ஜினீயருக்குத் தெரிந்துவிடும். வேலை கிடைத்தால் மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும், பத்து மணி நேர ரயில். போகட்டும். அவள் அம்மாவும் அப்பாவும் வேலை என்று போன ஊரிலேயே இருந்துவிட்டார்கள், இவளும் போகட்டும். இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், ஒருத்தி போனால் மிச்சம் எத்தனை என்று சொல்ல எனக்குப் படிப்பு வேண்டாம். நான் என்ன கதவைத் தாழ்போட்டுக்கொண்டா நிற்கிறேன்.

உன்னைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். கூப்பிட மாட்டாள். "நீங்க பேசாத ஆளோட நான் மட்டும் எப்படி பாட்டி பேசறது" என்கிறாள். என்னிடமிருந்து அவளுக்குப் போனது அந்த ஒரு குணம்தான், அது இந்த நேரம் பார்த்தா தலைகாட்ட வேண்டும்.

எப்படி வந்தது, எப்போது வந்தது என்று கேட்காமல் நீ கை வைக்க மாட்டாய், அதனால் சனிக்கிழமையிலிருந்து சொல்கிறேன். பகலில் அவள் ஆபீஸ் போனதும் நான் அதில் கம்பளம் கழுவுகிற படம் பார்ப்பேன். வேறு எந்தக் கண்றாவியும் பார்ப்பதில்லை. பத்து வருட அழுக்கோடு தார் மாதிரி ஒரு கம்பளம் வரும், ஒருவன் வாயைத் திறக்காமல் தண்ணீர் பீய்ச்சித் தேய்த்துக்கொண்டே இருப்பான், கடைசியில் பார்த்தால் அதில் பூ இருக்கும். மனிதர்களிடம் கிடைக்காத நிம்மதி. மேஜைமேல் வைத்துப் பார்த்தால் கழுத்து வலிக்கிறதே என்று கட்டிலில் போர்வையை நாலாக மடித்து அதன்மேல் வைத்தேன், அரை மணியில் அடிப்பக்கம் கொதித்து, உள்ளே இருக்கும் ஃபேன் மேட்டில் ஏறுகிற பஸ் மாதிரி இரைந்து, கம்பளக்காரன் பாதித் தேய்ப்பில் அப்படியே நின்றுவிட்டான். சத்தம் கேட்டுக் கம்பியார் இறங்கி வந்தார். "அடியில காத்து போற ஓட்டை இருக்குக்கா, நீங்க போர்வையால அது மூக்கைப் பொத்திட்டீங்க" என்று சொல்லி, அணைத்து, ஆறவைத்து, தன் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து பக்கத்து ஓட்டையில் வைத்து அடித்தார். ஒரு தலையணைக்குக் காணும் அளவுக்குத் தூசி வந்தது. மெஷின் குளிர்ந்து சத்தமில்லாமல் ஓடியது. அதோடு அவரை மாடிக்கு அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பழக உட்கார்ந்தபோது, அடியில் நீளமாக ஒரு பொத்தான் இருக்குமே, அது எவ்வளவு அழுத்தியும் அமுங்கவில்லை. "எல்லாம் ஒரே வார்த்தையா ஒட்டிக்கிட்டு வருது பாட்டி" என்றாள். உள்ளே பிஸ்கட் தூள். என் பிஸ்கட்தான், மறைக்கவில்லை. அவள் கடைக்குப் போன நேரம், ஒரு பொத்தானுக்காக மற்றவை அழுக்காக இருப்பானேன் என்று, ஸ்பூன் காம்பால் நெம்பி எழுபத்தெட்டுப் பொத்தானையும் கழற்றி, பேசினில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசித் துண்டில் பரப்பினேன். கம்பியார் வந்து பார்த்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "எது எங்க இருந்துச்சுன்னு படமாவது பிடிச்சு வச்சீங்களா அக்கா" என்றார். எனக்கு எதற்குப் படம். நான் ஐந்தாவதோடு நின்றவள், அந்த எழுத்துகளின் பெயர் எனக்குத் தெரியாது, முகம் தெரியும். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் எந்தக் கூட்டத்திலும் மறந்தவள் இல்லை. எழுபத்தேழையும் அதது இடத்தில் உட்காரவைத்தேன். ஒன்றே ஒன்று தலைகீழாக நின்றது, அது கம்பியார் வைத்தது, அதையும் நானே திருப்பி வைத்தேன். பேத்தி வந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் சரியா இருக்கு பாட்டி, ஆனா இனிமே தொடாதீங்க" என்றாள். இதில் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பொத்தான்களை அழுத்தி மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று கம்பியார் மூடியைப் பின்னால் தள்ளித் தட்டையாக விரித்தார், அப்போது நறுக்கென்று ஒரு சத்தம் வந்தது. என்ன சத்தம் என்றேன். "புதுசுல அப்படித்தான்க்கா இருக்கும்" என்றார். மெஷினுக்கு நாலு வயது.

திங்கட்கிழமை திறந்தால் இருட்டு. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, விழித்துக்கொள்ளும்போது பாடுமே அந்தச் சின்னப் பாட்டும் பாடுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. கம்பளக்காரன் தேய்க்கிற சத்தம் வருகிறது, கம்பளத்தைக் காணோம். கம்பியார் இது லைன் கோளாறு என்றார். அவருக்கு எல்லாமே லைன் கோளாறுதான், போன வருடம் எனக்கு முழங்கால் வலி வந்தபோதும் அதையேதான் சொன்னார். சார்ஜரைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய் எல்லா ப்ளக்கிலும் சொருகிப் பார்த்தார், எல்லாவற்றிலும் எரிந்தது. பேத்தி, அணைக்கிற பொத்தானை முப்பது எண்ணும்வரை அமுக்கிப் பிடித்து விட்டாள். ஏழு தடவை. ஏழு தடவையும் நானும் கூடவே எண்ணினேன். அடியில் மங்கலாக ஏதாவது தெரிகிறதா என்று திரைமேல் டார்ச் அடித்துப் பார்த்தாள், என் முகம்தான் தெரிந்தது. டிவியோடு சேர்த்துப் பார்க்கலாம் என்றாள், நம் வீட்டு டிவியின் வயதுக்கு அந்த ஒயர் சேரவில்லை.

நேற்று துண்டில் சுற்றி, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கத்து ரிப்பேர் கடைக்குப் போனேன். உன் கடைக்கு வந்திருக்கலாம். போர்டைப் பஸ்ஸிலிருந்து பல தடவை பார்த்திருக்கிறேன், பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அந்தக் கடைக்காரன் யாரிடமோ போன் பேசிக்கொண்டே ஒரு கையால் மூடியைப் பாதி தூக்கினான், பளிச்சென்று எரிகிறது. வீட்டில் அழிச்சாட்டியம், வெளியே போனால் தங்கம். நம் குடும்பத்திலும் அப்படிச் சிலர் உண்டு, யார் என்று எழுத மாட்டேன். அவன் உள்ளே எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "மெமரி ஃபுல் பாட்டிம்மா. நாலு வருஷக் குப்பை. வேண்டாததை அழிச்சாத்தான் ஓடும்" என்றான்.

"எனக்கு எழுபத்தாறு வயசு. இதுவரைக்கும் ஒண்ணையும் அழிச்சதில்லை. ஓடுறேனா இல்லையா?"

"நீங்க மெஷின் இல்லையே பாட்டிம்மா."

"அதுக்கு நாலு வயசுதானே, அதுக்குள்ள என்னத்தைப் பார்த்துடுச்சு?"

ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னான். ஒரு வாரத்துக்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு நான் துணி தேய்க்கவா. சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து திறந்தேன், பழையபடி இருட்டு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நேற்று சாயங்காலம் அவள் ஆபீஸிலிருந்து வந்து, முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அந்த இருட்டுத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்து, சிரித்து, "குட் மார்னிங் சார்" என்று சொல்லிப் பழகினாள். ஒரு தடவை இல்லை. சொல்வாள், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள், மறுபடி சொல்வாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகவே இன்று நீ வர வேண்டும். பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் வா, அவள் ஆபீஸில் இருப்பாள், நான் உன்னைக் கூப்பிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். மணி அடிக்காதே, கதவு திறந்திருக்கும். செருப்பை ஒழுங்காக விடு. ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கம்பியாரிடம் கேள், நான் அவரிடம் பதில் சொல்வேன், அவர் உன்னிடம் சொல்வார், நடுவில் நின்று இணைப்புக் கொடுப்பது அவருக்குப் பழகிய வேலை. டீ கொடுப்பேன், அதை வைத்து நீயாக எந்த முடிவுக்கும் வந்துவிடாதே. ஒன்பது வயதில் என் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மாட்டினாய், ஒரு திருகாணி மிஞ்சியது, அது இல்லாமலேயே கடிகாரம் இன்று வரை ஓடுகிறது. இவன் பிழைத்துக்கொள்வான் என்று அன்றைக்கே சொன்னவள் நான்தான். அதை நீ மறந்திருப்பாய். உனக்குத்தான் வேண்டாததை அழிக்கிற பழக்கம் உண்டே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், முழுதாக. உனக்குப் பாதி, மீதியைத் திரையில் வெளிச்சம் வந்த பிறகு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் ஒரே அக்கா,
படத்தின் ஓரத்தில் இருக்கும் காது.

பி.கு: உறையில் போட்டதை மறுபடி எடுத்து எழுதுகிறேன். கம்பியார் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டார், அடிக்கட்டும். இந்தக் கடிதத்தை லேப்டாப்பின் மூடிமேல் வைத்துத்தான் எழுதினேன். முடித்ததும், மை எதுவும் உள்ளே இறங்கிவிட்டதோ என்று மூடியை ஒரு கை அகலம் தூக்கினேன், எரிகிறது. அவள் வரைந்துவைத்த கோடுகள் ஒன்று குறையாமல் இருக்கின்றன. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே வா, வந்துவிட்டது என்று கத்தியிருக்க வேண்டும். கத்தாமல் மூடியை மூடிவிட்டேன். நாளைக் காலை பத்து மணி, சும்மா வந்து சும்மா போகிற பத்து மணியாகவே இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்கக்கூட எடுத்தேன். அப்போது உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்று, "குட் மார்னிங் சார்" என்று கேட்டது. உடனே நன்றாக விரித்துத் திறந்தேன். இருட்டு. மூடினேன், ஒரு கை அகலம் தூக்கினேன், சாய்த்தேன், தட்டினேன், கெஞ்சினேன். இருட்டுத்தான்.

மேலே எழுதிய நிபந்தனைகள் அத்தனையையும் அடித்துவிடு. பதினொரு மணி வேண்டாம், கம்பியாரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி இப்போதே வா. அவள் இருக்கும்போதே வா, மணி அடித்துக்கொண்டு வா, கேட்க வேண்டியதை என்னிடமே கேள், என் வாயாலேயே சொல்கிறேன். நடுவில் ஒன்பது நிமிடம் அது நன்றாக இருந்ததை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. அவளுக்கு வேலை கிடைக்கட்டும், அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.