பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்

"சார், டிக்கெட்டு?"

குடோன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாக்கியநாதன் கையை நீட்டினான். ஆதிகேசவனிடம் பணம் இருந்தது. ஆனால் ஐம்பத்து நாலு வயதில், நீல மில் யூனிஃபார்மும் சேஃப்டி ஷூவுமாக, கறுப்புச் சட்டைப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று டிக்கெட் கேட்க வாய் வரவில்லை.

"நான்... எலக்ட்ரீஷியன்பா," என்றார்.

அன்றைக்கு அது அவருடைய இரண்டாவது பொய். முதல் பொய்யை கவரைப்பேட்டை வீட்டிலேயே சொல்லியாகிவிட்டது. "ஞாயித்துக்கெழம ஓவர்டைம்" என்று மனைவி அஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்காகவே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வண்டி ஏறியிருந்தார்.

எல்லாம் மகள் ஸ்நேகாவால் வந்தது. செல்போன் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை பார்க்கிற பெண், நாலு பேரோடு சேர்ந்து ஹெவி மெட்டல் குழு ஆரம்பித்து அதில் டிரம்ஸ் வாசிக்கிறாள். குழுவுக்குப் பெயர் 'துரு'. அன்றைக்கு அந்தக் குடோனில்தான் அவர்கள் கச்சேரி. முப்பது வருஷமாகத் துருவோடு மல்லுக்கட்டுகிற மெயின்டனன்ஸ் ஃபிட்டருக்கு வாய்த்த பிள்ளையைப் பாருங்கள்!

நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ஆசையாக போனில் போட்டுக் காட்டினாள். இவர் அரை நிமிஷம் கேட்டார்.

"எங்க மில்லுல மிஷினு கெட்டுப்போனா இந்தச் சத்தந்தாம்மா வரும். அத்த நிறுத்துறதுக்குத்தான் எனக்கு சம்பளம்."

தமாஷ் என்று நினைத்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து ஸ்நேகா அவரை "அப்பா" என்று கூப்பிடவில்லை. "அவரு சாப்ட வருவாரான்னு கேளும்மா" என்று அம்மா வழியாகத்தான் பேச்சு. ஆதிகேசவனுக்கு அது நெஞ்சில் கிடந்து அறுத்தது. மன்னிப்புக் கேட்டும் பழக்கமில்லை. மூலையில் நின்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அவள் கண்ணில் படாமல் ஓடிவிட வேண்டும். பட்டால், 'இழுத்துக்கினு போக வந்துட்டாரு' என்று நினைத்து மேடையிலேயே கை தடுமாறிவிடும்.

"எலக்ட்ரீஷியனா? இருங்க சார், கேட்டுக்கினு..." என்று பாக்கியநாதன் எழுந்தபோது, உள்ளேயிருந்து ஸ்நேகாவே வருவது தெரிந்தது. ஆதிகேசவன் ஒரே தாவில் ஜெனரேட்டருக்குப் பின்னால் குந்திக்கொண்டார். தலையை நீட்டவில்லை. ஜெனரேட்டர் இரைச்சலில், பாக்கியநாதனின் டூல்ஸ் பெட்டி திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவள் போய்விட்டாள்.

'நல்ல வேளை, பாக்கல' என்று வெளியே வந்தால், பாக்கியநாதனுக்குத் திடீரென்று மரியாதை கூடியிருந்தது.

"வாங்க சார் வாங்க! ஒங்களத்தான் தேடிக்கினு கீறோம். மேடையாண்டயே நில்லுங்க. எதுனா ஆச்சுன்னா நீங்கதான் பாக்கணும்."

"நான் பின்னால நிக்கிறம்பா..."

"ஐயையோ, பின்னால நின்னா எப்டி சார்?"

கையைப் பிடித்துக் கொண்டுபோய் மேடையை ஒட்டி, அதுவும் டிரம்ஸ் பக்கமாக நிறுத்திவிட்டுப் போனான். ஆதிகேசவன் அவசரமாகப் பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். கர்ச்சீப்பை மூக்குக்கு மேல் கட்டினார். மில்லில் கொடுக்கிற ஆரஞ்சு அடைப்பானைக் காதில் செருகிக்கொண்டார். இனிமேல் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று மூச்சு விட்டார்.

"அங்கிள், செம கெட்டப்பு!" என்று நாலு பேர் ஓடிவந்து செல்ஃபி எடுத்தார்கள். எடுத்ததைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள்.

அதற்குள் மேடையில் இடி இறங்கியது. பாட்டுக்கு நடுவில் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுக்காவிட்டால் அஞ்சம்மாள் மில்லுக்கே போன் போட்டுவிடுவாள். ஒரு காது அடைப்பானைக் கழற்றினார்.

"எங்கங்க கீறீங்க?"

"மில்லுலதான்!"

"ஆமா ஆமா, கேக்குது. இன்னாங்க இது, மிஷினு ஒடஞ்சிப் பூட்ச்சா? பாத்து நில்லுங்க."

"மிஷினு இல்லடி! எவ்ளோ கரெக்டா அடிக்..." என்று எகிறியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். போனை அணைத்த பிறகுதான், தனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று யோசித்தார்.

அடைப்பான் இல்லாத காதில் அப்போது இன்னொரு சத்தமும் விழுந்தது. கிலுக். கிலுக். பெரிய டிரம்மைத் தாங்குகிற இரும்புக் காலில் ஒரு போல்ட் ஆடுகிறது! ஒவ்வொரு அடிக்கும் டிரம் ஒரு நூல் முன்னால் நகர்கிறது. ஒரு பாட்டு பொறுத்தார். இரண்டாவது பாட்டில் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே எந்நேரமும் இருக்கிற பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது.

மூன்றாவது பாட்டில் மேடையில் ஏறித் தவழ்ந்தார். கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கத்தியது. ஸ்நேகா குனிந்து பார்க்கவேயில்லை. டிரம்முக்கு அடியில் படுத்து, மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். கிலுக் நின்றது. திரும்பிப் போகலாம் என்றால் அவள் வேகத்தைக் கூட்டிவிட்டாள். குச்சிகள் தலைக்கு மேலே பறந்தன. வேறு வழியில்லாமல், டிரம்மின் இரும்புக் காலைப் பிடித்தபடியே படுத்துக் கிடந்தார்.

கிடக்கக் கிடக்க அவருக்குப் பிடிபட்டது. மில்லில் எல்லா மிஷினும் சுருதி சேர்ந்து ஓடுகிற நாள் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அந்த நாளில் ஃபிட்டர்கள் சும்மா நின்று கேட்பார்கள். அதே ஓட்டம் இது. இன்னொரு அடைப்பானையும் கழற்றினார். கர்ச்சீப் நனைந்துவிட்டது. என் பெண் வாசிக்கிறாள், இதைப் போய் கெட்டுப்போன மிஷின் என்றேனே என்று அடித்துக்கொண்டது மனசு.

பாட்டு முடிந்து கைதட்டலில் எல்லாரும் மும்முரமாக இருந்தபோது, பின்பக்கமாக இறங்கி வாசலுக்கு ஓடினார். வந்த வேகத்தில் பாக்கியநாதனைத்தான் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா வேல பாக்குற? அந்த போல்ட்டு லூசாக் கெடந்துச்சு! டிரம்மு பொண்ணு மேல சாஞ்சிருந்தா?"

பாக்கியநாதன் சிரித்தான்.

"நான் டைட்டாத்தான் வெச்சேன் சார். நீங்க ஜெனரேட்டருக்குப் பின்னால குந்தினு இருக்கசொல்லோ, ஸ்நேகாதான் வந்து ஸ்பேனரு வாங்கினு போய் லூஸ் பண்ணுச்சு. 'எங்கப்பா வந்துகீறாருண்ணா, கூப்ட்டா ஓடிடுவாரு, ஒரு போல்ட்டு ஆடுனாத்தான் மேல வருவாரு'ன்னுச்சு."