முதலில் வந்த புலி

அது ஏழாம் வகுப்பா எட்டாம் வகுப்பா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. அன்று மழை பெய்ததா என்பதிலும் சந்தேகம்தான். அறிவியல் வாத்தியாருக்குச் சந்தேகம் வந்தது மட்டும் நிச்சயம்.

எளிய இயந்திரங்கள் பாடத்துக்காகப் பள்ளி முழுக்க அட்டைகளை ஒளித்து வைத்திருந்தார். துப்பைப் படித்து, யோசித்து, அட்டையைக் கண்டுபிடித்துப் போனில் ஸ்கேன் செய்தால் அடுத்த துப்பு வரும். பிள்ளைகள் வகுப்பு வாசலில் முட்டிமோதிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்த திரையில் ஒரு பெயர் முதலிடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது: புலி.

"யாரு இந்தப் புலி?"

"நான் இல்ல சார்."

"நானும் இல்ல சார்."

ரெட்டைச் சடைக்காரி மட்டும் கூரையைப் பார்த்தாள். வாத்தியார் அதை மனதில் குறித்துக்கொண்டார்.

தலைமையாசிரியைக்கு இந்தப் போன் பாடமே பிடிக்காது. "திருட்டுத்தனத்துக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமா? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் புலியைப் பிடிங்க. இல்லன்னா எல்லா போனும் என் பீரோவுக்குள்ள போயிடும். நீங்க பழையபடி கரும்பலகையில கப்பி வரைங்க."

கப்பி வரைந்து பன்னிரண்டு வருஷம் வகுப்பைத் தூங்கவைத்தவர் வாத்தியார். திரும்பவும் அங்கே போவதா?

முதலில் கணக்கு டீச்சரிடம் போனார். "துப்பை உங்ககிட்ட மட்டும்தான் காட்டினேன்."

"எனக்குப் பேப்பர் திருத்தவே நேரமில்ல. உங்க கொடிக்கம்பத்துக் கப்பியை வெச்சு நான் என்ன சார் பண்ணப் போறேன்?"

வாத்தியார் டீச்சரை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய பார்வை யாரையாவது குற்றவாளியாக்காமல் முடிந்ததில்லை. டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அட்டைகளையெல்லாம் தாமே இடம் மாற்றினார். முதல் நாளைப் போலவே, சரியாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்தும் பார்த்துக்கொண்டார். அட்டை வேட்டை தொடங்குமுன்பே புலி எல்லோரையும் முந்தி நின்றது.

குழுவுக்கு ஒரு போன் போதும் என்று மற்றதையெல்லாம் பிடுங்கி வைத்தார். பெயர்களைச் சரிபார்த்தார். ஒன்றிலும் புலி இல்லை. ஆனால் சாய்தளத்தருகே ஒளித்த அட்டையைப் புலிதான் முதலில் எடுத்திருந்தது.

வியாழக்கிழமை காவலுக்கு அவரே இறங்கினார். கொடிக்கம்பத்தடிக்கு ஓடுவார், அட்டையை யாராவது மாற்றிவிட்டார்களா என்று ஸ்கேன் செய்வார், அடிபம்புக்கு ஓடுவார், அங்கேயும் ஸ்கேன் செய்வார். மூச்சு வாங்கியது. வழக்கத்துக்கு மாறாக எல்லாக் குழுவும் எல்லா அட்டையையும் எடுத்துவிட்டது. முதலிடம் மட்டும் அன்றும் புலிக்கே.

வெள்ளிக்கிழமை ரெட்டைச் சடைக்காரியைத் தலைமையாசிரியையின் மேசை முன் நிறுத்தினார். "மேடம், இவதான். முதல் நாளே கூரையைப் பார்த்தா!"

"சொல்லும்மா. யாரு புலி?"

"சொன்னா எங்க வகுப்பே என்னைத் திட்டும் மேடம்."

"பாத்தீங்களா, பெரிய கும்பல்!" என்று வாத்தியார் துள்ளினார்.

அவள் பெருமூச்சு விட்டாள். "புலி சாரோட போன்தான் மேடம். அவர் போன் திரைக்கு மேலயே அந்தப் பேரு இருக்கு, சார் அதைப் பாக்கறதே இல்ல. அவர் எங்க ஓடறாரோ அங்க பின்னாடியே ஓடித்தான் நாங்க எல்லா அட்டையையும் எடுக்கறோம். துப்பை இதுவரைக்கும் ஒருத்தரும் படிக்கல."

பிள்ளைகளின் போன்கள் தப்பின. வாத்தியாருக்கு அந்தப் பழைய போனைத் தான் வைத்த 'புலி' என்ற பெயரை மாற்றாமலே தள்ளிவிட்ட மச்சினன் கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கணக்கு டீச்சர் கதவைத் திறந்துவைத்தார். வேட்டை நேரத்தில் பீரோவுக்குள் போனது புலி மட்டும்தான்; வேறு வழியில்லாமல் வகுப்பு துப்பைப் படிக்க ஆரம்பித்தது.