ஜீனை எழுப்பும் தண்ணீர்

கல்முனையில் ஒரு கல்யாண மண்டபம். கல்யாணம் இல்லை; ஆனாலும் வாசலில் செருப்புக் கழற்ற இடமில்லை. உள்ளே ‘ஜீன் புரொபெசர்’ பாக்கியராசா மனிதர்களின் ஜீன்களை எழுப்பிக்கொண்டிருந்தார். எந்தப் பல்கலைக்கழகத்துப் புரொபெசர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்கோட்டுப் போட்டவரிடம் அப்படிக் கேட்பது மரியாதையா?

சிலருக்குப் பிறப்பிலேயே எச்.ஐ.வி.யைத் தடுக்கும் ஜீன் உண்டு என்று அவர் எங்கேயோ படித்திருந்தார். படித்தது உண்மைதான். மீதியை அவரே சேர்த்துக்கொண்டார். அந்த ஜீன் எல்லாருக்குள்ளும் தூங்குகிறதாம். அவருடைய தண்ணீரைக் குடித்தால் எழும்புமாம். அத்தாட்சிக்கு ஒரு மஞ்சள் தாள். வெறும் வாயால் துப்பினால் மஞ்சளாகவே இருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டுத் துப்பினால் சிவக்கும். சனம் வரிசையில் நின்று துப்பியது.

நிந்தவூர் பர்ஸானும் துப்பினான். லொறி ஓட்டுகிறவன். எச்.ஐ.வி. தொற்றிச் சில வருடங்களாகின்றன; தினமும் மருந்துக் குளிசை எடுத்துச் சுகமாகத்தான் இருந்தான். விசயம் வீட்டில் அவனுடைய அக்கா றஹீமாவுக்கு மட்டுமே தெரியும். தாள் சிவந்ததும் குளிசையை நிறுத்திவிட்டான்.

“எனக்கு ஜீன் எழும்பிட்டு ராத்தா. இனி என்னத்துக்குக் குளிசை?”

றஹீமா கிளினிக் டொக்டரிடம் ஓடினாள். மிகச் சிலரின் உயிரணுக்களில் கிருமி நுழையும் கதவு இருக்காது, வேறு சிலரின் உடம்பு நுழைந்த கிருமியை நெடுநாள் அடக்கி வைக்கும், இரண்டும் தாய் தகப்பனிடமிருந்து கருவிலேயே வருபவை, குடித்து வரவழைக்க முடியாது என்று டொக்டர் விளக்கினார். பர்ஸானின் கிருமியை அடக்கியிருந்தது குளிசைதான்.

தம்பி நம்பவில்லை. டொக்டரிடம் மஞ்சள் தாள் இல்லையே. றஹீமா அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு, சந்தையில் வாங்கிய கருவாட்டுப் பையுடன் மண்டபத்துக்குப் போனாள்.

அவள் முறை வந்தது. தண்ணீரைக் குடிக்காமல் நேரே தாளில் ஊற்றினாள். சிவந்தது.

“தண்ணிக்கும் ஜீன் இரிக்கா, புரொபெசர்?”

தண்ணீரில் சக்தி ஏற்றியிருப்பதாக அவர் சமாளித்தார். றஹீமா பையிலிருந்து ஒரு சூடைக் கருவாட்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து வேறொரு தாளில் தேய்த்தாள். அதுவும் சிவந்தது. செத்து, உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்த மீனுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி!

வரிசையில் நின்ற பாண்டிருப்பு மீனாம்பிகை தாளை வாங்கி முகர்ந்து பார்த்தாள். முந்தின நாள்தான் பயபக்தியோடு துப்பிவிட்டுப் போனவள்.

“இது கறிமஞ்சள். தண்ணியில சுண்ணாம்பு. ஆலாத்தி எடுக்க நாங்க கலக்கிறதுதானே இது?”

புரொபெசர் அவசரமாகக் கழிப்பறைக்குப் போனார். பின்பக்க ஜன்னல் வழியாக ஜீன் இறங்கி ஓடியது.

வெளியே வந்ததும் பர்ஸான் மெதுவாகச் சொன்னான்: “கொஞ்ச நாளாச்சும் நோயில்லாத ஆளா இரிக்க ஆசப்பட்டன் ராத்தா.” றஹீமா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் இருவரும் கிளினிக்குக் கிளம்பினார்கள். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து, குளிசையை மறுபடி தொடங்கிவைத்தார்.

ஆனால் அன்று மண்டபத்துப் படியில் ஒரு பெரியவர் றஹீமாவை மறித்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் கருவாட்டைத் தனக்கு விற்க முடியுமா, அதற்குத்தான் ஜீன் எழும்பிவிட்டதே என்று அவர் கேட்டார்.

பெரியவரே, ஜீன் தூங்கட்டும். முதலில் நீங்கள் எழும்புங்கள்.