எங்கள் வீட்டு வாளிகள் பற்றிய விளக்கம்

மணப்பாட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய ஜேசுதாசன் அண்ணாச்சி அவர்களுக்கு, மில்லர்புரம் பாஸ்கல் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிளாரன்சும் மகள் விஜிலாவும் சுகம். அங்கே தாங்களும் மைனியும் மகன் அமலனும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். போனில் நாலு தடவை கூப்பிட்டேன், தாங்கள் எடுக்கவில்லை. அதனால் கடிதம்.

தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் முன்னறையில் பார்த்த வாளிகள் நாங்கள் வாங்கிய நிவாரணம் அல்ல, விற்க வைத்திருந்தவை. விஷயம் இந்த ஒரு வரிதான். ஆனால் துறைமுக ஆபீசில் முப்பத்தோரு வருஷம் ஃபைல் எழுதியவன் நான். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே விளங்கும்.

ஆற்று வெள்ளத்தில் கொற்கைப் பக்கம் வீடு இழந்தவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்கள் தெருச் சங்கம் கூடியது. சும்மா கேட்டால் யாரும் தர மாட்டார்கள், ஒரு பொருளை விற்று அந்த லாபத்தைக் கொடுப்போம் என்று செயலாளரான நான்தான் சொன்னேன். வாளி வேண்டாத வீடு உண்டா என்று இருநூறு வாளி, மூடியோடு, நல்ல நீலம், பக்கவாட்டில் 'வெள்ள நிவாரண நிதி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து இறக்கினோம். முதலில் அடுத்த வீட்டு இசக்கிசெல்வியிடம் போனேன். வாளியைத் தட்டிப் பார்த்தாள், மூடியைத் திறந்து மூடினாள். "வாளி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இதத் தூக்கிட்டுத் தண்ணி புடிக்கப் போனா, இவ நிவாரணம் வாங்கித் திங்கான்னுல்லா ஊரு பேசும். ரூவாயப் புடிங்க, வாளி வேண்டாம்" என்றாள். தெரு முழுக்க இதே கதை. எல்லோரும் ரூபாய் தந்தார்கள், வாளியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. மூன்றே நாளில் நிதி சேர்ந்துவிட்டது, இருநூறு வாளியும் என் வீட்டில். தின்னர் போட்டு எழுத்தை அழித்துப் பார்த்தேன். 'நிதி' மட்டும் போயிற்று, மிச்சம் முன்னைவிட மோசமாக நின்றது. சரி, கஷ்டப்பட்டவர்களுக்கே கொடுப்போம் என்று பணத்தோடு முப்பது வாளியையும் வேனில் ஏற்றிக் கொற்கைக்குப் போனால், வீடு இடிந்து நின்ற மகாராஜன் என்பவர் பணத்தைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, "எய்யா, வாளி இங்கன ஒம்போது வந்து கெடக்கு. வைக்கதுக்குத்தான் வீடில்ல. நீங்க ரெண்டக் கொண்டுபோங்க" என்றார். முப்பதோடு போனவன் முப்பத்திரண்டோடு திரும்பினேன்.

அவற்றைத்தான் முன்னறையில் அடுக்கி, போர்வையால் மூடி, மேலே மாதா சுரூபத்தை வைத்திருந்தோம். மைனி பக்தியாக மாதா பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்யக் குனிந்ததும் போர்வை வழுக்கியது. ஒரு வாளி உருண்டு போய் அமலன் காலடியில் நின்றது. மைனி எழுத்தைப் படித்துவிட்டு, "வீட்டுக்குள்ள எத்தன அடி தண்ணி வந்துச்சு?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் கால் நனையக்கூடத் தண்ணீர் வரவில்லை. ஆனால் காப்பித் தட்டோடு நின்ற பிளாரன்ஸ் பதறிப்போய், "ஏதோ கெடச்சத வச்சு இருக்கோம்" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு யாரும் தட்டிலிருந்த மக்ரூன் இனிப்பைத் தொடவில்லை.

பன்னிரண்டு நாளாகிறது. போன் அடித்தால் விஜிலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கிறாள். அவளுக்கு அமலனைப் பிடித்திருக்கிறது. வாளியால் இது நின்றுபோனால் எனக்குத் தாங்காது. நாங்கள் யாரிடமும் ஒரு பிடி அரிசிகூட நிவாரணமாக வாங்கியதில்லை என்று சர்வேசுரன் சாட்சியாகச் சொல்கிறேன்.

மைனிக்கு எங்கள் தோத்திரம், அமலனுக்கு ஆசீர். பனிமய மாதா உங்கள் வீட்டுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கும்
பாஸ்கல்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்திருக்கிறது. வெளியூர் நிவாரணக் குழுவாம். முன்னறையிலிருந்து எடுத்து முற்றத்தில் போட்டிருந்த வாளிகளைப் பார்த்துவிட்டு, பத்துக் கிலோ அரிசியும் ஒரு பாயும் இறக்கிவிட்டார்கள். நான் வருவதற்குள் பிளாரன்ஸ் கையெழுத்தும் போட்டு, தாயும் மகளும் அரிசி வாங்குகிற மாதிரி போட்டோவும் எடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வருமாம். தயவுசெய்து அன்று பேப்பர் வாங்க வேண்டாம். ஆனால் எனக்கும் அந்தப் படத்தைக் காட்டினார்கள்; விஜிலா ரொம்ப நன்றாக விழுந்திருக்கிறாள். அதனால் ஒன்றே ஒன்று வாங்கி, அமலனிடம் மட்டும் காட்டவும்.